மாதக் கணக்கும் வருஷக் கணக்கும்

1

இரண்டு வருஷம் கொடுக்கல் வாங்கல் இல்லாத சேமிப்புக் கணக்குகளைத் தனியே பிரித்துப் பட்டியல் போடுவது வங்கிக் குமாஸ்தாவின் வேலைகளில் ஒன்று. சுவாரஸ்யமில்லாத வேலை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் ஒரு கிளைக்கு நான் மாற்றலாகி வந்த வருஷம் அது என் மேஜைக்கு வந்தது. முன்பிருந்த ஊர்களில் இந்தப் பட்டியலில் இறந்துபோனவர்கள் இருப்பார்கள். கடையை மூடிவிட்டுப் போன வியாபாரிகள் இருப்பார்கள். பேரன் பெயரில் தாத்தா தொடங்கி மறந்த கணக்குகள் இருக்கும். இங்கே பக்கம் பக்கமாகப் பெண் பெயர்கள். பிறந்த வருஷத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இருபத்தைந்துக்குள். நிரந்தர விலாசம் திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள். தற்காலிக விலாசம் ஏதாவது ஒரு விடுதி. கணக்கின் ஆயுள் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. மாதாமாதம் சம்பளம் வரவு. இரண்டொரு நாளில் பெரும்பகுதி ஊருக்கு. பிறகு ஒரு மாதம் வரவு நின்றுவிடுகிறது. அதோடு சரி.

அந்தச் சமயத்தில் ஐரோப்பிய நாடுகளில் ஆண் பெண் சம்பள வித்தியாசம் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய யூனியனில் மணிக்கூலியை வைத்துப் பார்த்தால் பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாக 12 சதவீதம் குறைவாகப் பெறுகிறார்கள் என்பது 2023-ஆம் வருஷத்துக் கணக்கு. லாட்வியாவில் 19. ஜெர்மனியில் 17-க்கு மேல். இத்தாலியில் 2-ஐ ஒட்டி. லக்ஸம்பர்க்கில் பெண்கள்தான் இம்மியளவு கூடுதல். இதை வைத்துக்கொண்டு இத்தாலி ஜெர்மனியைவிட நியாயமான தேசம் என்று முடிவு கட்டினால் தப்பு. இத்தாலியில் வேலைக்குப் போகும் பெண்களே குறைவு. போகிறவர்களில் நன்றாகப் படித்து நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்களின் விகிதம் அதிகம். ஜெர்மனியில் எல்லாத் தரப்புப் பெண்களும் போகிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பகுதி நேர வேலை. இந்தப் புள்ளிவிவரம் வாசலுக்குள் நிற்பவளின் கூலியைத்தான் அளக்கிறது. வாசலுக்கு வெளியே நிற்பவளுக்கு அதில் இடமில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிடக் கவுண்டரில் நன்றாகப் புரிந்தது. ஒரு பெண் வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். புழக்கமற்றுப்போன கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும், பி.எஃப். பணம் அதில்தான் வர வேண்டும், இனிஷியல் மாறியிருக்கிறது, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். இரண்டு வருஷம் எலெக்ட்ரானிக் பாகங்கள் பொருத்தும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். ஆண்களுக்கும் உங்களுக்கும் ஒரே சம்பளமா என்று கேட்டேன். "ஒரே சம்பளந்தான் சார். அதுல ஒண்ணும் கொற சொல்ல முடியாது" என்றாள். திரும்பவும் அதே வேலைக்குப் போகலாமே என்றதற்குச் சிரித்தாள். "மெட்டி போட்டிருக்கேனே சார்."

நான் எழுத நினைத்திருந்த கட்டுரை அந்த இடத்தில் நின்றுபோயிற்று. சம்பளத்தில் வித்தியாசம் இல்லை; அவளே சொல்கிறாள். ஆனால் வித்தியாசம் எங்கோ இருக்கிறது. அது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

ஐரோப்பாவில் இந்த வழக்கு நடந்த விதத்தை முதலில் பார்ப்பது உதவும். ஒவ்வொரு படியும் அங்கே காகிதத்தில் பதிவாகியிருக்கிறது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 1957-ஆம் வருஷ ரோம் ஒப்பந்தத்தின் 119-ஆவது ஷரத்து. நியாய உணர்வு ஒன்றே அதைக் கொண்டுவரவில்லை. பிரான்ஸில் ஏற்கனவே அப்படி ஒரு சட்டம் இருந்தது. பெண்களைக் குறைந்த கூலிக்கு வைத்திருக்கும் பக்கத்து நாடுகள் ஜவுளிச் சந்தையில் தன்னைத் தோற்கடித்துவிடும் என்று பிரான்ஸ் பயந்தது. அந்தப் பயம் ஷரத்தாயிற்று. ஷரத்து ஒன்பது வருஷம் காகிதத்தில் தூங்கியது.

எழுப்பியவர்கள் பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டால் என்ற ஊரின் ஆயுதத் தொழிற்சாலைப் பெண்கள். 1966 பிப்ரவரியில் ஏறக்குறைய 3000 பேர் வெளியே வந்தார்கள். பன்னிரண்டு வாரம் உள்ளே போகவில்லை. பெண்கள் நிறுத்தியதும் ஆண்களுக்கும் வேலை இல்லாமற் போயிற்று, தொழிற்சாலையே படுத்துவிட்டது. கேட்டதில் பாதியளவுதான் கிடைத்தது. ஆனால் ரோம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று ஐரோப்பா தெரிந்துகொண்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1968 ஜூனில், லண்டனுக்குக் கிழக்கே டாகன்ஹாமில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைக்கும் 187 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். இந்த வேலைநிறுத்தத்தைச் சம ஊதியப் போராட்டம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பெண்கள் முதலில் கேட்டது வேறு. புதிதாகச் செய்த தரப்பிரிப்பில் அவர்களை 'பி' தரத்தில், தேர்ச்சி தேவைப்படாத வேலை என்று போட்டிருந்தார்கள். தைக்கத் தெரியுமா என்று சோதித்துப் பார்த்துத்தான் வேலைக்கே எடுத்திருந்தார்கள். எங்களைத் தேர்ச்சியுள்ள 'சி' தரத்தில் போடு என்பதே கோரிக்கை. அமைச்சர் பார்பரா காஸில் தலையிட்டுச் சமரசம் செய்தார். அதுவரை அதே தரத்து ஆணின் கூலியில் 85 சதவீதம் வாங்கியவர்களுக்கு 92 ஆயிற்று; அடுத்த வருஷம் முழுசும். 1970-இல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டமும் வந்தது. தரம் மட்டும் மாறவில்லை. 'சி' தரம் கிடைக்க 1984-இல் இன்னொரு ஆறு வார வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது. பணத்தைக் கொடுத்தவர்கள், அந்த வேலைக்கு ஒரு தேர்ச்சி உண்டு என்று ஒப்புக்கொள்ள மேலும் பதினாறு வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கப்ரியேல் டெஃப்ரென் என்பவரின் வழக்கு. பெல்ஜிய விமானக் கம்பெனி சபேனாவில் பணிப்பெண். அதே வேலை செய்த ஆண்களுக்குச் சம்பளம் கூடுதல். அதைவிட, பெண்களுக்கு நாற்பது வயதோடு வேலை முடிந்துவிடும். ஆண்களுக்கு அந்த விதி கிடையாது. டெஃப்ரென் 1968-இல் நாற்பது வயதில் வெளியே அனுப்பப்பட்டார். அவருக்காக வாதாடியவர் எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற பெண் வக்கீல். வழக்கு லக்ஸம்பர்க்கில் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1976-இல் சம்பள வித்தியாசம் சட்டவிரோதம் என்றும், 119-ஆவது ஷரத்தைக் காட்டி யார் வேண்டுமானாலும் தங்கள் நாட்டு நீதிமன்றத்திலேயே உரிமை கோரலாம் என்றும் தீர்ப்பாயிற்று. ஐரோப்பியப் பெண்ணின் சட்ட சரித்திரத்தில் இது பெரிய தீர்ப்பு. எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

1978-இல் வந்த அடுத்த தீர்ப்பை அவ்வளவாகப் பேசுவதில்லை. நாற்பது வயதில் அனுப்பியது சரியா என்பது கேள்வி. நீதிமன்றம் சொன்ன பதில்: 119-ஆவது ஷரத்து ஊதியத்தைப் பற்றியது, வேலைக்காலம் எப்போது முடிய வேண்டும் என்பதற்கு அது பொருந்தாது. மாதச் சம்பளத்தில் குறைந்த பணத்தை டெஃப்ரென் திரும்பப் பெற்றார். நாற்பதுக்குப் பிறகு சம்பாதித்திருக்கக்கூடிய வருஷங்கள் அத்தனையும் போயின. மாதம் நியாயத்துக்குள் வந்தது. வருஷம் வெளியே நின்றது.

3

நம் நாட்டில் இதே கதை வேறு வரிசையில் நடந்திருக்கிறது. இங்கே வருஷத்தைப் பற்றிய வழக்கு முதலில் வந்தது.

பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி. பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டும் பகுதியில் வேலை செய்யும் பெண்கள் கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. இங்கே குழுவாக வேலை செய்ய வேண்டும், ஒருத்தி வராவிட்டால் குழுவே கெட்டுவிடும், கல்யாணமானவர்கள் அதிகம் லீவு போடுகிறார்கள் என்பது கம்பெனியின் வாதம். 1965-இல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. லீவு போடுவதற்குக் கல்யாணம் ஒரு காரணம் என்றால் கல்யாணமான ஆணுக்கும் விதவைக்கும் அந்த விதி ஏன் இல்லை என்ற தொனியில் கேட்டு, விதியைத் தள்ளிவிட்டது. லேபிள் ஒட்டும் அந்தப் பகுதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்றைய அசெம்பிளி லைனின் மூதாதை அது.

1981-இல் நர்கேஷ் மீர்ஸா வழக்கு. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதோடு ஓய்வு. அதற்குமுன் முதல் பிரசவம் வந்தால் அத்தோடு. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் அத்தோடு. ஆண்களுக்கு ஐம்பத்தெட்டு. கருவுற்றால் நீக்கும் விதியைக் கோர்ட் கடுமையாகப் பேசித் தூக்கி எறிந்தது. நாலு வருஷக் கல்யாணத் தடையில் தப்பில்லை என்று விட்டுவிட்டது. பெண்ணின் உடம்புக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் கல்யாணம் நன்றாக அமைவதற்கும் அது நல்லது என்று காரணம் சொன்னது. 1965-இல் திறந்த கதவு பதினாறு வருஷத்தில் பாதி மூடிக்கொண்டது.

இதற்கிடையில் சம்பளச் சட்டம் வந்துவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1958-இலேயே ஏற்றிருந்தது. சட்டம் மட்டும் 1975 செப்டம்பரில், சர்வதேச மகளிர் ஆண்டு என்பதால், நெருக்கடி நிலைக் காலத்தில் அவசரச் சட்டமாக வந்து 1976-இல் நிலைபெற்றது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தர். மெக்கின்னன் மெக்கன்ஸி கப்பல் கம்பெனியில் அதிகாரிகளுக்கான அந்தரங்கச் சுருக்கெழுத்தர்கள் எல்லோரும் பெண்கள். பொதுவான சுருக்கெழுத்தர்கள் ஆண்கள். பெண்களுக்குச் சம்பளம் குறைவு. அந்தக் குறைவுக்கு ஆதாரமாகக் கம்பெனி காட்டியது தொழிற்சங்கமே கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தை. 1987-இல் சுப்ரீம் கோர்ட் டிகோஸ்டாவின் பக்கம் நின்றது. பெண்களை மட்டும் ஒரு பிரிவில் ஒதுக்கிவைத்துவிட்டு அங்கே ஆண் இல்லையே என்று தப்பிக்க முடியாது என்பது அதன் சாரம்.

ஆக 1987-க்குள் மாதக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். 1976-ஆம் வருஷச் சட்டம் இப்போது 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பில் கரைந்திருக்கிறது. தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆண் பெண் என்று பார்த்துக் கூலி வைக்கக் கூடாது என்பது அதிலும் இருக்கிறது. வருஷக் கணக்குதான் திறந்தபடி கிடக்கிறது.

வருஷக் கணக்கைக் கல்யாணத்தோடு முடிச்சுப் போட முடியும் என்று தமிழ்நாட்டில் முதலில் காட்டியவர்கள் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்காரர்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. நடுவில் கிளம்பினால் அது பெரும்பாலும் கிடைக்காது. அவளுடைய கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணத்துக்குச் சீர் வரிசையின் மங்கலப் பெயர். அந்தப் பெயர் பிறகு கெட்டுப்போய் மறைந்தது. அதன் உள்ளே இருந்த கணக்கு மறையவில்லை: பெண்ணின் உழைப்புக்கு ஆயுள் மூன்று வருஷம், எல்லைக்கல் தாலி.

4

இனி என் கிளைக்குப் பக்கத்திலிருக்கும் சாலைகளுக்கு வருகிறேன். ராமானுஜர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்றிருந்த ஸ்ரீபெரும்புதூர் முப்பது வருஷத்துக்குள் வேறு ஊராகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸான். இவை பெரும்பாலும் ஆண்களின் தொழிற்சாலைகள். 2006-இல் நோக்கியா செல்போன் தயாரிக்கத் தொடங்கியது. இங்கே பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். விடியற்காலையில் மாவட்டம் மாவட்டமாகப் போய் அவர்களை ஏற்றி வந்த கம்பெனி பஸ்களை இந்தப் பக்கத்தார் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். 2014 நவம்பரில் நோக்கியா மூடியது. பிறகு ஃபாக்ஸ்கான் ஐபோன் பொருத்தத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் மறுபடி வந்தார்கள். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இதை நான் சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை. கவுண்டருக்கு வந்த அந்தப் பெண்ணின் அம்மா நடவுக்குப் போனவள். ஆண் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வாங்கியவள். மகள் ஆணுக்குச் சமமாக வாங்கினாள்.

இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க நேர்ந்தது. 159 பேர் ஆஸ்பத்திரியில். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் கலைந்தார்கள். தொழிற்சாலை ஜனவரி 12 வரை மூடிக் கிடந்தது. விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அரசாங்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெரும்பாலும் ஆண்கள். முப்பத்தேழு நாள் நீடித்தது. கேட்டவற்றில் முதலாவது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

பெண்களுக்குத் துணிச்சல் குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. நடுராத்திரியில் தேசிய நெடுஞ்சாலையை மறிப்பதற்கு வேண்டிய துணிச்சல் பந்தலில் உட்காருவதற்கு வேண்டாம். சாம்சங்காரர்களில் பலர் பத்து, பதினைந்து வருஷம் அதே வாசலில் நுழைந்தவர்கள். சுற்றுவட்டாரத்தில் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மளிகைக் கடையில் கடன் சொல்லும் பழக்கம் எல்லாம் அவர்களுக்கு உண்டு. முப்பத்தேழு நாள் தாங்குவதற்கு இவை வேண்டும். ஏஜெண்ட் மூலம் வந்து, விடுதிக் கட்டிலில் படுத்து, இரண்டு வருஷத்தில் போகப்போகிறவளுக்குச் சாலைதான் கிடைக்கும். அதுவும் ஒரு ராத்திரி. சங்கம் என்பது வருஷங்களால் ஆனது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: ஐபோன் தொழிற்சாலையின் பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை; குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று காரணம் சொல்கிறார்கள். நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சட்டம் வேலைக்கு எடுப்பதில் பெண்ணை ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் பெண்களையே எடுக்கும் இடத்தில் பெண்ணை ஒதுக்குகிறார்கள் என்று எப்படி நிரூபிப்பது? டாகன்ஹாமில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த கோடு, இங்கே ஒரே பெண்ணின் இருபத்துமூன்றாம் வயதுக்கும் இருபத்துநாலாம் வயதுக்கும் நடுவே விழுகிறது.

பிரசவச் செலவை முதலாளி தாங்க முடியாது என்று ஒரு வாதம் உண்டு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவள் இ.எஸ்.ஐ.யில் வருகிறாள், பிரசவக் காலத்து இருபத்தாறு வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, அவளும் மாதாமாதம் சந்தா கட்டியிருக்கிற நிதியிலிருந்து. லைனில் நிற்கும் பெண்களில் பலர் இந்த வரம்புக்குள் இருப்பவர்கள். பிறகு என்ன தடை? காலியாகும் நாற்காலி. 1965-இல் பம்பாய்க் கம்பெனி சொன்ன அதே குழு, அதே லேபிள், அதே லீவு.

வருஷத்தின் விலையை ஒரு வங்கிக் குமாஸ்தா சொல்ல முடியும். 1972-ஆம் வருஷச் சட்டப்படி கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். 2025 நவம்பரில் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கால வரையறையோடு நேரடியாக நியமனமானவர்களுக்கு இதை ஒரு வருஷமாகக் குறைத்தது. பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும். வீட்டுக் கடன் விண்ணப்பம் வந்தால் எத்தனை வருஷம் வேலை, இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்றுதான் நாங்கள் முதலில் பார்க்கிறோம். பக்கத்துக் கார் தொழிற்சாலை ஆணின் கணக்கில் பத்தாவது வருஷம் வீட்டுக் கடன் ஏறுகிறது. இந்தப் பெண்ணின் கணக்கு சில வருஷத்திலேயே என் பட்டியலில் ஏறுகிறது. இருவர் சம்பளத்தையும் எந்த ஒரு மாதத்தில் ஒப்பிட்டாலும் பெரிய அநியாயம் தெரியாது.

5

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. முதலாம் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைச் சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து வரவழைத்துத் தஞ்சையில் குடியமர்த்தினான். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறது. விடுதிப் பதிவேடு மாதிரியே இருக்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு என்பது வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஆட்டுவிக்கும் நட்டுவனுக்கு இரண்டு பங்கு. ஆடுகிறவளுக்கும் ஆட்டுவிப்பவனுக்கும் ஒன்றுக்கு இரண்டு. ஐரோப்பியப் புள்ளிவிவரக்காரர்கள் ஐம்பது சதவீதம் என்பார்கள். அரசன் ஆணையால் ஊர் மாற்றப்பட்ட அந்தப் பெண்களின் வாழ்க்கையை நான் மெச்ச வரவில்லை. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்கு, தகுதி இருந்தால், போக வேண்டும். குறைந்த கூலி, ஆயுளுக்கும் அப்பால் நீளும் காலம். ஆயிரம் வருஷம் கழித்துக் கூலியைச் சமமாக்கியிருக்கிறோம். காலத்தை மூன்று வருஷமாக நறுக்கியிருக்கிறோம்.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் நவீனச் சிறுகதை குமாஸ்தாவின் கதையாகப் பிறந்தது. அதன் காலம் மாதக் கடைசி. இருபத்தைந்தாம் தேதியின் வறட்சி, முதல் தேதியின் மல்லிகைப்பூ. இவற்றை நாம் நன்றாக எழுதியிருக்கிறோம். அந்த மாதம் அறுபது வயது வரை திரும்பத் திரும்ப வரும் என்ற நிச்சயம் அந்தக் கதைகளுக்கு அடியில் சொல்லப்படாமல் இருக்கிறது. எனக்கும் அந்த நிச்சயம் உண்டு. 1966-இல் வங்கி ஊழியர் சங்கங்கள் கையெழுத்திட்ட முதல் இருதரப்பு ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்து வருவது. அதனால்தான் சம்பளம் என்றால் மாதம் என்றே நானும் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் கதைக்கு வேறு காலம் வேண்டும். அதை நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

அவள் கணக்கை உயிர்ப்பித்துக் கொடுத்தேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாள். பக்கத்திலிருந்த கணவன் "ஹவுஸ் வைஃப்னு போடு" என்றான். அவள் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு அப்படியே எழுதினாள்.